கொல்லையைக் கொள்ளை ஆக்கிய செயலி: ஒரு மனு எழுதுபவரின் மதிப்புரை

தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக மனு எழுதிக் கொடுத்துத்தான் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர் நாளென்றால் காலை ஏழரைக்கே ஏரியூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஆட்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். போன வருஷம் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை என் போனில் ஏற்றிவிட்டாள். "பேசினா போதும்ப்பா, அதுவே எழுதிடும்." நாலு மாசம் இலவசமாக ஓட்டினேன், பிறகு சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர் வேறொன்று வைத்திருக்கிறார், அவர் புலம்பலும் ஏறக்குறைய இதுதான்.

முதல் திங்கட்கிழமை, பென்னாகரம் பக்கமிருந்து ஒரு பாட்டி. "கொல்லைக்குப் போற வண்டிப்பாதைய அடைச்சுட்டாங்க சாமி" என்றார். போனை அவர் வாயருகே நீட்டினேன். செயலி எழுதியது: "நான் கொள்ளைக்குச் செல்லும் வழியைச் சிலர் அடைத்துவிட்டனர். தக்க பாதுகாப்புடன் வழியைத் திறந்துவிட வேண்டுகிறேன்." எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் கொல்லை என்றுதான் பெயர். லகரமும் ளகரமும் எங்கள் நாக்கில் ஒன்றாகிப் போனதையும் சொல்லத்தான் வேண்டும். வாசித்துக் காட்டினேன். "நான் என்னிக்கு சாமி கொள்ளைக்குப் போனேன்?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியிலிருந்தும் இன்சூரன்சிலிருந்தும் வரும் ஆங்கிலக் கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போட்டால் நாலு வரித் தமிழில் விஷயம் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் இதற்காகவே டியூஷன் சென்டர் வாத்தியாரைத் தேடிப் போவேன். தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பமும் பழுதில்லை. 2005ஆம் வருஷச் சட்டம், பிரிவு 6(1), பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வராவிட்டால் 19(1)இல் முதல் மேல்முறையீடு, எல்லாம் சரியாகச் சொன்னது.

அந்த நம்பிக்கையில்தான் மாட்டப் பார்த்தேன். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒருவருக்காக அரசாணை எண் கேட்டேன். துறை, எண், தேதியோடு கம்பீரமாக ஒன்றைக் கொடுத்தது. ஏதோ உறுத்த, அரசு இணையதளத்தில் தேடினால் அந்த எண்ணில் இருப்பது வேறு துறையின் ஆணை. "இது தப்பு" என்றேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்று அதே கம்பீரத்தோடு இன்னொரு எண். அதுவும் இல்லாத எண். தெரியாது என்ற வார்த்தையை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. அன்றிலிருந்து அது தரும் எந்த எண்ணையும் நேரில் பார்க்காமல் மனுவில் ஏற்றுவதில்லை.

பழைய பத்திரம் இன்னொரு வம்பு. பர்கூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஒருவர் அப்பா காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கிறது. பர்கூர் இப்போது இருக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல்தானே. செயலி பத்திரத்தைப் படித்து, மனுவைத் தருமபுரி கலெக்டருக்கே எழுதிவிட்டது. 1965 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது; அதற்கு முந்தைய பத்திரம் கிடைத்தால் சேலத்துக்கு அனுப்பும்!

எழுத்து நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவர விழைகிறேன்" என்று ஆரம்பித்தால் ஒன்றரைப் பக்கம். கூட்டத்தில் மனு வாங்குபவர் பார்ப்பது பொருள், ஊர், சர்வே எண் இவற்றைத்தான். மூன்றும் அதில் கோடிட்ட இடமாக இருக்கும்.

ஆதார் அட்டையை நான் இதில் ஏற்றுவதே இல்லை. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை எடுத்து வரச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எண்மேல் கட்டைவிரலை வைத்துப் போட்டோ எடுக்கிறேன்.

பிழைப்பில் அடி உண்டு. இளவட்டங்கள் போனிலேயே மனுவை எழுதிக்கொண்டு பிரிண்டுக்கு மட்டும் வருகிறார்கள். ஐம்பது ரூபாய் வந்த இடத்தில் பத்து ரூபாய். அவர்களில் பாதிப் பேர் மனுவில் "உங்கள் ஊர் பெயர்" என்று அடைப்புக்குறி அப்படியே நிற்கும். அதைத் திருத்திக் கொடுக்கக் காசு கேட்கவும் மனம் வருவதில்லை.

பாட்டி விஷயத்தை முடிக்கவில்லையே. கொள்ளையைக் கொல்லை ஆக்கிய பிறகும் செயலி எதுவும் கேட்கவில்லை. சொன்னதை அலங்காரம் பண்ணித் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். நான் கேட்டேன்: பாதை எஃப்.எம்.பி. என்கிற புல அளவு வரைபடத்தில் இருக்கிறதா? எப்போதிலிருந்து அடைப்பு? அடைத்தது யார்? மூன்றாவது கேள்விக்கு அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டீயில், "பெரியவன்தான் சாமி. அவன் பேரை மட்டும் போட்டுடாத" என்றார்.

பெயரில்லாமல், புலத்தை அளந்து பாதையைக் காட்டிக் கல் நட்டுத் தரும்படி நாலே வரியில் கையால் எழுதிக் கொடுத்தேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சந்தா அடுத்த மாசம் முடிகிறது. ஆங்கிலக் கடிதங்களுக்காக இன்னொரு மூன்று மாசம் கட்டலாம் என்றிருக்கிறேன்.