களியக்காவிளை எல்லை தாண்டாமல் ஆவணக் காப்பகத்துக்குள்: கொரோனா காலத் தொலைவழிச் சேவைகளை இன்றுவரை பயன்படுத்திய அனுபவம்

குமரி மாவட்ட வரலாற்றில் ஆய்வு செய்கிறவர்களுக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முந்தைய அரசுப் பதிவுகள் வேண்டுமென்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான் போக வேண்டும். மிஷனரிக் கடிதங்கள் வேண்டுமென்றால் லண்டன். லண்டன் மிஷனரி சொசைட்டியின் தாள்கள் அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்ட பொருள் நெய்யூர் மருத்துவ மிஷன். 1838இல் டாக்டர் ராம்சே தொடங்கியது, பிறகு எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. ஆக, எனக்கு இரண்டு ஊரும் வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்புகிற திருவனந்தபுரம், இ-பாஸ் இல்லாமல் எட்டிப் பார்க்க முடியாத ஊராகிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் காப்பகங்களோ, வாசிப்பறையைப் பூட்டிவிட்டாலும் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து பல இடங்களின் தொலைவழிச் சேவைகளைப் பயன்படுத்திவருகிறேன். எந்தக் காப்பகம் எப்படி என்று பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. ஆள் மாறினால் சேவையும் மாறிவிடுகிறது.

அந்த நேரத்தில் அதிகம் பேசப்பட்டவை இலவச மின்னூல் திறப்புகள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2020 மார்ச்சில் திறந்த அவசரகால நூலகம், பதிப்பாளர்கள் வழக்குப் போட்டதும் ஜூனிலேயே மூடப்பட்டது. ஹாத்தி டிரஸ்ட் என்ற மின்னூல் களஞ்சியம் தந்த தற்காலிக அனுமதி உறுப்பு நூலகங்களுக்கு மட்டும். அச்சான புத்தகத்துக்கு இவை சரி. கையெழுத்துக் கடிதம் தேடுகிறவருக்கு இவற்றால் என்ன பிரயோஜனம்?

எனக்கு உண்மையில் கைகொடுத்தது கேமரா வழி வாசிப்புதான். நேரம் குறித்துக்கொண்டால், அங்கே ஒரு ஊழியர் கட்டுக் கடிதங்களை மேஜையில் வைத்து, மேலிருந்து பார்க்கும் கேமராவின் கீழ் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். அங்கே காலை பத்து மணி, கோடையென்றால் இங்கே மதியம் இரண்டரை. “ஊரே வீட்டுக்குள்ள கெடக்கு, நீ யாருகிட்ட மக்களே இங்கிலீஷ்ல பேசிட்டு இருக்க?” என்று அம்மா வந்து எட்டிப் பார்ப்பார். கரண்ட் போனால் போன் ஹாட்ஸ்பாட்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்களில் தபால் செலவை மிச்சம் பிடிக்க, பக்கம் முழுக்க எழுதிவிட்டு, தாளைக் குறுக்கே திருப்பி அதன்மேலேயே மறுபடி எழுதியிருப்பார்கள். கறுப்பு வெள்ளை ஸ்கேனில் அது வெறும் வலைக்கம்பி. கேமராவின் கீழ் விளக்கைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னதும் இரண்டு மையும் தனித்தனியாகப் பிரிந்தன. அந்த ஊழியர் தாமாகவே தாளைப் புரட்டி, பின்புறம் இன்னொரு கையெழுத்தில் இருந்த குறிப்பையும் காட்டினார். கடிதம் வந்து சேர்ந்த தேதி அது. கேட்லாகில் அது இல்லை. இருப்பதே தெரியாததை நான் எப்படிக் கேட்டிருப்பேன்?

தொலைவழிச் சேவையின் குறையும் இங்கேதான் இருக்கிறது: கேட்டது கிடைக்கும், கேட்கத் தெரியாதது கிடைக்காது. நேரில் போனால் கேட்ட கோப்புக்கு அடுத்த கோப்பும் கண்ணில் படும். அதனால் ஒரு சேவையை எடைபோடும்போது ஸ்கேனரின் தரத்தைவிட, மெயிலுக்குப் பதில் எழுதுகிறவர் ஆவணப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறாரா என்பதைத்தான் பார்க்கிறேன். நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று அழகான இணையப் படிவம் வைத்தது. பல மாதம் கழித்து வந்த பதில்: “நேரில் வரவும்.” ஊரடங்கு நேரத்தில்!

ஸ்கேன் சேவையில் சில்லறைத் தொந்தரவுகள் உண்டு. வெளிநாட்டுப் பணப் பரிவர்த்தனைக்கு வங்கியில் கார்டைத் திறந்துவிட வேண்டும். பிடிஎப் கோப்புக்குப் பெட்டி எண்ணே இல்லாமல் ஏதோ பெயர் வைத்து அனுப்புவார்கள். வந்த அன்றே பெயர் மாற்றாவிட்டால் அடிக்குறிப்பு எழுதும்போது அழ வேண்டியதுதான். கட்டணத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியை எடுத்து, தாளின் நிலையைப் பார்த்து, படமெடுத்து, திரும்ப வைக்க ஒரு ஆளின் பாதி நாள் போய்விடும்.

வாசிப்பறைகள் திறந்த பிறகு பல இடங்களில் ஒருவர் தொட்ட கடிதக் கட்டை 72 மணி நேரம் ஒதுக்கிவைத்தார்கள். சானிடைசர் பூசிய கையோடு தாளைத் தொடவிடவில்லை, சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த விதிகள் போய்விட்டன, போகட்டும். ஆனால் கேமரா வாசிப்பையும் ஆள் பற்றாக்குறை என்று ஒரு காப்பகம் நிறுத்திவிட்டது. இன்னொன்று கட்டணத்தோடு தொடர்கிறது. இப்போது நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான்.

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமிருந்து புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் மெயில் போட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறதென்று கேளுங்கள், கேமரா நேரம் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள், அப்புறம் தேவையானதை மட்டும் கலரில், பின்பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.