டெர்மினலில் படம் பார்க்க: சாஃபாவா, ஜேபி2ஏவா, சிக்சலா?

போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றும் அதோடு ஒரு கேமராவும் வைத்திருக்கிறேன். நான் இருப்பது தர்மபுரி டவுனில். தோப்பில் சிக்னல் சரியாக நிற்காது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) வழியாகப் போய் கேட் மூடியிருக்கிறதா, தொட்டி வழிகிறதா என்று டெர்மினலிலேயே, அதாவது எழுத்து மட்டும் ஓடும் கட்டளைத் திரையிலேயே, பார்த்துவிட்டால் போதும். படத்தை எழுத்துகளால் வரையும் சாஃபா, ஜேபி2ஏ என்ற இரண்டு நிரல்கள், படத்தைப் பிக்சலாகவே அனுப்பும் சிக்சல் முறை என மூன்று வழிகளையும் போட்டுப் பார்த்து, சாஃபாவை வைத்துக்கொண்டேன்.

ஜேபி2ஏ படத்தின் வெளிச்சத்தை எழுத்தாக மாற்றும். இருட்டான இடத்துக்கு வெற்றிடம், புள்ளி. வெளிச்சமான இடத்துக்கு அடர்ந்த எழுத்துகள். இது கருப்புப் பின்னணியை மனதில் வைத்த கணக்கு. வெள்ளைப் பின்னணி என்றால் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நெகட்டிவ் மாதிரி தெரியும். வண்ணமும் கேட்கலாம். ஆனாலும் எழுத்து திரையில் தனக்குரிய கட்டத்தை முழுக்க நிரப்பாததால், மா இலையும் அதன் நிழலும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன.

சாஃபா ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வண்ணம் எடுக்கிறது, எழுத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. டெர்மினல் கட்டம் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். அதைப் பாதிக் கட்டை எழுத்தால் (கட்டத்தில் பாதியை மட்டும் நிரப்பும் குறி) மேல், கீழ் என்று பிரித்தால் இரண்டு சதுரப் புள்ளிகள் கிடைக்கும். 80 பத்தி, 24 வரித் திரை அப்போது 80க்கு 48 புள்ளிப் படமாகிறது. அதோடு நிற்காமல் கால் கட்டை போன்ற வேறு வடிவங்களையும் பொருத்திப் பார்த்து, படத்துக்கு எது நெருக்கமோ அதைப் போடுகிறது. நீலத் தொட்டி நீலமாகவே தெரிகிறது. அதன் விளிம்பும் பிரிந்து தெரிகிறது.

எனக்கு முடிவைச் சொன்னது லைனில் போகும் அளவுதான். 24 பிட் வண்ணத்தில், அதாவது முழு வண்ணத்தில், டெர்மினலுக்கு நிறம் சொல்லும் ஒரு வண்ணக் கட்டளை அதிகபட்சம் 19 பைட். இரண்டு வண்ணமும் எழுத்தும் சேர்ந்தால் ஒரு கட்டத்துக்கு 41 பைட். மொத்தம் 1,920 கட்டம், அதாவது மிஞ்சிப் போனாலும் 80 கேபிக்குள். 256 வண்ணத்துக்கு இறங்கினால் 50 கேபிக்குள் அடங்கும். அடுத்தடுத்த கட்டங்களில் ஒரே வண்ணம் வந்தால் இன்னும் குறையும். கேமராவின் ஜேபெக் கோப்போ சில எம்பி இருக்கும். அதை இறக்கிப் பார்ப்பதற்குள் சிக்னல் போய்விடும். வண்ணமில்லாத ஜேபி2ஏ 2 கேபியில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் என் தோப்பு லைனுக்கு 50 கேபி பாரமில்லை, அதற்குக் கிடைக்கும் தெளிவு மிக அதிகம்.

சிக்சல், டெக் என்ற பழைய கணினி நிறுவனக் காலத்து முறை. நிஜமான பிக்சல்களையே வரைவதால் மூன்றிலும் அழகு இதுதான். ஆனால் டெர்மினல் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். லேப்டாப்பில் வந்த படம் என் கைபேசி டெர்மினலில் வரவில்லை. பெரிய படம் பல நூறு கேபி வரை போகலாம். கிட்டி என்ற டெர்மினலுக்கும் படம் காட்டத் தனி முறை உண்டு; அதை நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை.

மெயிலில் வெறும் எழுத்தாக ஒட்ட வேண்டுமென்றால் ஜேபி2ஏ இன்றும் நல்லதுதான். வண்டி நம்பர் படிக்கவோ, பெங்களூரா மாங்காய் பழுத்ததா என்று பார்க்கவோ சாஃபா போதாது; அப்போது கோப்பையே இறக்குங்கள். அப்புறம், சாஃபா உங்கள் டெர்மினலில் வசதி இருப்பதாகக் கண்டால் தானாகவே சிக்சலுக்குத் தாவலாம். மெதுவான லைனில் எழுத்துகளாலேயே வரையும் சிம்பல்ஸ் வடிவத்தையும் 256 வண்ணத்தையும் நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.