பள்ளித் தோட்டமா, வீட்டுக் கோழியா?

பதினொன்றாம் வகுப்பில் வேளாண் தொழிற்பிரிவு எடுக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறையை எங்கே வைத்துக் கற்றுக்கொடுப்பது? வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் இந்தப் பாடம் நடத்தும் எனக்கு வருடா வருடம் ஜூனில் இதே யோசனைதான். கையில் இருப்பது மூன்று வழி: பள்ளி வளாகத்தில் பொதுத் தோட்டம், பிள்ளை தன் வீட்டிலேயே சொந்தமாக ஒன்றை வளர்ப்பது, வெளியே ஒரு பண்ணையில் சில நாள் பயிற்சி.

தோட்டம் பார்க்க அழகு. ஆய்வுக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டலாம். ஆனால் 38 பேருக்கு 5 மண்வெட்டி. நாலு பேர் கொத்துவார்கள், மீதிப் பேர் புங்கமரத்தடியில் நிற்பார்கள். சனி, ஞாயிறு தண்ணீர் விட ஆள் கிடையாது. ஒரு வருடம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி போட்டோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் கத்தரி, போடாமல் இருக்க முடியுமா? ஜூனில் நாற்று விட்டு ஜூலையில் நட்டால், காய் பறிக்கிற நேரத்தில் சரியாகக் காலாண்டு விடுமுறை வந்து நிற்கிறது. திரும்பி வந்தபோது பாதிக் காய் முற்றிப்போயிருந்தது, மீதியை ஆடு பார்த்துக்கொண்டது.

ஆனாலும் தோட்டத்தைத் தள்ளிவிட மனம் வரவில்லை. வாடித் தொங்கிய கத்தரி நுனியைக் கிள்ளி, நகத்தால் பிளந்து, உள்ளே நெளிந்த புழுவை எல்லோருக்கும் காட்டினேன். தண்டுத் துளைப்பான் பற்றி அதற்குமேல் பாடம் தேவைப்படவில்லை. புத்தகத்தில் படமாகப் பார்த்தபோது அந்த முகங்களில் ஒன்றும் அசையவில்லை.

அடுத்தது வீட்டு வேலை, அதாவது பிள்ளை தன் வீட்டிலேயே பயிரோ கோழியோ வளர்த்துக் கணக்கு எழுதுவது. இது புதுசு இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்பவர் 1908 வாக்கிலேயே, பள்ளியில் படிப்பதைப் பிள்ளை தன் வீட்டு நிலத்தில் செய்துபார்க்கட்டும், ஆசிரியர் போய் மேற்பார்க்கட்டும் என்று நடத்திக் காட்டினார். 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம், வருடத்தில் 6 மாதமாவது மேற்பார்வையோடு பண்ணை வேலை இருக்க வேண்டும் என்றே கேட்டது.

என் வகுப்பில் ஒரு பெண். வீட்டுக்கு நிலம் இல்லை, ஒரு பெட்டைக்கோழி இருந்தது. 12 முட்டை அடை வைத்தாள். 21ஆம் நாள் 9 பொரித்தது. நோட்டில் எழுதியிருந்தாள்: 'கீரி 2 தூக்கிடுச்சு. 1 செத்துடுச்சு. மீதி 6.' தீனிச் செலவுக்கு நேரே 'இல்லை'. ஏன் என்று கேட்டேன். "வீட்டு அரிசி நொய்தானே சார், வாங்கலையே" என்றாள். கோழிக்குப் போடாவிட்டால் அந்த நொய்யை என்ன செய்வீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். மறுநாள் நோட்டில் நொய்க்கு விலை ஏறியிருந்தது. தோட்டத்தில் இந்தக் கணக்கு வரவே வராது, அங்கே செலவெல்லாம் பள்ளியுடையது.

கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியும் அப்படித்தான். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தைப் பற்றி எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கூடையில் குஞ்சுகளைப் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகுதான் அவளுக்கு அது பாடமானது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. அப்பா விதைத்த வேர்க்கடலையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு வந்த பையன்களும் உண்டு. ஆறு மாத நோட்டை ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில் எழுதினால் தெரியாதா என்ன! நேரில் போய்ப் பார்த்தால்தான் இது அடங்கும். வண்டியில் கிளம்பினால் ஒரு சாயங்காலத்துக்கு மூன்று வீடு, அதுவும் மழை இல்லாவிட்டால். பெட்ரோல் என் காசு. மூன்றிலும் ஆசிரியரின் உயிரை வாங்குவது இதுதான்.

பண்ணைப் பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில் ஒரே நாளில் நிறையப் பார்க்கலாம். ஆனால் விதையிலிருந்து விற்பனை வரை பத்து நாளில் பார்க்க முடியாது. தனியார் பண்ணை என்றால் பையன்கள் சம்பளமில்லாத கூலியாள் ஆகிவிடுகிறார்கள், பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதில்லை.

அதனால் நான் வீட்டு வேலைப் பக்கம் சாய்ந்துவிட்டேன். நிலம் இல்லாதவருக்குக் கோழி, அதுவும் இல்லையென்றால் செடிப்பையில் முளைக்கீரை. 25 நாளில் பிடுங்கிவிடலாம், தப்பினால் மறுபடி விதைக்கலாம். பள்ளித் தோட்டத்தை ஒரு சென்ட் நாற்றங்காலாகச் சுருக்கியாயிற்று. ஆளுக்குப் பத்துக் கத்தரி நாற்று வீட்டுக்குப் போகிறது. விடுமுறையில் தண்ணீர் ஊற்ற அவர்கள் அம்மா இருக்கிறார். ஆட்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.