எல்எல்எம் பரிந்துரைக் கடிதம்: பேராசிரியரா, பாஸா?

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு சட்ட நிறுவனத்தில் நாலு வருடம் வேலை பார்த்தபிறகு எல்எல்எம் (சட்ட முதுகலை) படிக்கக் கிளம்பினால், முதல் குழப்பமே பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது என்பதுதான். பாஸ் தினமும் பார்க்கிறவர், பெயரும் பெரிது. பேராசிரியருக்கு நம் முகமாவது ஞாபகம் இருக்குமா?

நான் இருவரிடமும் கேட்டேன். பாஸ் எழுதியதை அவரே காட்டினார்: ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்’, மொத்தம் ஆறு வரி. பாவம், அவருக்கு நேரமில்லை. பேராசிரியருக்கு என் பழைய ஆய்வுக் கட்டுரையை அனுப்பினேன். மறுநாளே போன் செய்து, இரண்டாம் பகுதியில் வாதத்தை ஏன் மாற்றினாய் என்று கேட்டார், அப்போதே தெரிந்துவிட்டது யார் கடிதம் எடுபடும் என்று.

ஆக்ஸ்ஃபர்டு பிசிஎல் (அங்கே எல்எல்எம் மாதிரியான சட்ட முதுகலை) போன்ற படிப்புக்கு மூன்று கடிதம் வேண்டும், அங்கே படிப்புத் திறனைச் சொல்பவர்தான் முக்கியம். நடுவர் மன்றச் சட்டம் (ஆர்பிட்ரேஷன், கோர்ட்டுக்கு வெளியே தகராறு தீர்ப்பது) மாதிரி தொழிலோடு ஒட்டிய படிப்பென்றால் பாஸும் சரிதான், ஆனால் உங்கள் டிராஃப்டைச் சிவப்பு மையால் திருத்திய பாஸாக இருக்கவேண்டும், லிஃப்டில் தலையாட்டும் பெரிய பார்ட்னர் வேண்டாம்.

அப்புறம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பரில் கெடு. செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள், மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.