சாகசக் கதையா, பக்தி நூலா: காதுக்கு எது ஒத்துப்போகிறது?

கேட்டு முடித்த ஒவ்வொரு ஒலிநூலுக்கும் ஒரு நோட்டில் சில வரிகள் எழுதி வைக்கிறேன். யார் வாசித்தது, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போக முடிந்தது, எந்த இடத்தில் பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். மூன்றாவது குறிப்புதான் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. நோட்டில் பெரும்பகுதி சாகசக் கதைகளும் கிறிஸ்தவ எழுத்தும்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, சாகசம் காதுக்கு, பக்தி கண்ணுக்கு என்று பிரித்துவிடலாம் போலத் தோன்றும். குறிப்புகள் வேறு மாதிரி சொல்கின்றன. வாய்விட்டுச் சொல்லப்பட்டு, அல்லது யாரோ ஒருவரிடம் பேசுவதாக எழுதப்பட்டுப் பிறந்த நூல், எந்த வகையாக இருந்தாலும் காதில் நிற்கிறது. தாளுக்காகவே பிறந்த நூல் எவ்வளவு பெரிய நூலானாலும் கொஞ்சம் திணறுகிறது.

முதலில் சாகசம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ என் பட்டியலில் உச்சியில் இருக்கிறது. எழுத எழுத ஒவ்வொரு அத்தியாயத்தையும் வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார் ஸ்டீவன்சன். கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அப்பாவே, கதையில் வரும் பழைய கடற்கொள்ளைக்காரன் பில்லி போன்ஸின் பெட்டிக்குள் என்னென்ன சாமான் கிடக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். 1881-இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக ஆரம்பித்து 1883-இல் நூலானது. இன்றைய ஒலிப்பதிவிலும் அந்தப் பிறப்பு தெரிகிறது. கதையின் முதல் பெரிய பயமே ஓர் ஓசைதான்: பார்வையற்ற பியூ உறைந்துபோன சாலையில் தடியைத் தட்டிக்கொண்டு வரும் சத்தம். பிறகு அந்த ஆப்பிள் பீப்பாய். உள்ளே சுருண்டு கிடக்கும், கதை சொல்லும் சிறுவன் ஜிம்முக்கு யாருடைய முகமும் தெரியாது. கொள்ளையர் தலைவன் லாங் ஜான் சில்வரின் சதி முழுவதும் அவனுக்குக் குரலாக மட்டுமே வந்து சேர்கிறது. இயர்போன் மாட்டியிருக்கும் நமக்கும் அதே நிலைதான். அச்சில் படித்தபோது நல்ல காட்சி என்று தோன்றியது, கேட்டபோது மூச்சை அடக்கிக்கொள்ள வைத்தது.

இங்கே வாசிப்பவரின் தேர்வு முக்கியம். சில்வரை எடுத்த எடுப்பிலேயே உறுமவிடும் பதிவுகள் உண்டு. எனக்கு அவை ஆகாது. சில்வர் இனிக்க இனிக்கப் பேசுகிறவன். ஜிம் மயங்குவது போல நாமும் மயங்க வேண்டும். இன்னொரு சோதனை, 16 முதல் 18 வரையான அத்தியாயங்கள். அங்கே கதை ஜிம்மின் கையிலிருந்து டாக்டர் லிவ்ஸியின் கைக்குப் போகிறது. சிறுவனின் படபடப்பு போய், வயதானவரின் நிதானம் குரலில் வந்துவிட்டால் அது நல்ல பதிவு. அதே தொனியில் ஓட்டிக்கொண்டே போனால் வேறு பதிவு தேடலாம்.

ஜூல் வெர்னின் கடலடிக் கதையை (1870) இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே புரியும். கப்பல் மூழ்குவதும் கேப்டன் நெமோவின் ஆர்கன் இசையும் அருமைதான். ஆனால் நீர்மூழ்கிக் கப்பலின் ஜன்னலுக்கு வெளியே மீன் தெரியும்போதெல்லாம் வகை, குடும்பம், இனம் என்று பட்டியல் நீள்கிறது. அச்சில் கண் தானாகவே தாவிப் போய்விடும். காதுக்குத் தாவத் தெரியாது. வாசிப்பவர் ஒரு மீனையும் விடாமல் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மெல்வில்லின் ‘மோபி டிக்’கில் (1851) திமிங்கில வகைகளைச் சொல்லும் 32-ஆம் அத்தியாயமும் இதே கதிதான், அங்கே வாசிப்பவருக்குக் கொஞ்சம் நகைச்சுவை இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ (1885), ‘ட்ரெஷர் ஐலண்ட்’ அளவுக்குத் தன்னாலும் எழுத முடியும் என்று ரைடர் ஹாகார்ட் தம் சகோதரரிடம் பந்தயம் கட்டி எழுதியது. கதாநாயகன் குவாட்டர்மெயின் தானே கதை சொல்வதால் கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் யானை வேட்டைப் பகுதியும், ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வையும் காதில் அதிகமாக உறுத்துகின்றன. ஒருவர் அதை உரக்கச் சொல்லும்போது சமாதானம் சொல்லிக்கொள்ள முடிவதில்லை. இரண்டையும் வைத்து ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் யோசிக்காமல் ஸ்டீவன்சன்.

‘மான்டி கிறிஸ்டோ பிரபு’ தனி உலகம். 117 அத்தியாயங்கள், முழுப் பதிவு ஏறக்குறைய 50 மணி நேரம். 1844 முதல் 1846 வரை பத்திரிகையில் தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் தொக்கி நிற்கும், விடுவது கஷ்டம். இதில் ஒலிப்பதிவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கதாநாயகன் டான்டெஸ் பாதிரியாராக, ஆங்கிலேயப் பிரபுவாக, சிந்துபாத் மாலுமியாக வேஷம் கட்டி வருகிறான். ஒரே குரலில் வாசித்தால் குட்டு உடைந்துவிடும். முற்றிலும் வேறு குரலில் வாசித்தால் கேட்பவருக்கே ஏமாற்று. நல்ல வாசிப்பாளர் குரலை மாற்றிவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசும் தோரணையை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறார். நான் பலமுறை பின்னால் தள்ளிக் கேட்டது இந்த வேஷக் காட்சிகளைத்தான்.

சரி, கிறிஸ்தவ எழுத்துக்கு வருவோம். இங்கே நூலுக்கு நூல் இடைவெளி இன்னும் பெரிது.

சி. எஸ். லூயிஸின் ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ 1952-இல் நூலானாலும், அது 1941 முதல் 1944 வரை பிபிசி வானொலியில் போர்க்கால மக்களுக்கு அவர் பேசிய உரைகளின் தொகுப்பு. குறுகிய வாக்கியம், கேள்வி, உடனே எடுத்துக்காட்டு. ஒலிநூலாகக் கேட்பது அதைப் பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்புவது போல. பின்னால் தள்ள வேண்டிய அவசியமே அனேகமாக வரவில்லை, அடுத்த உரையிலேயே முந்தியதைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகிறார். அவருடைய ‘ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்’ (1942) இன்னும் ஒரு படி மேல். மூத்த பிசாசு ஒன்று தன் உடன்பிறந்தாரின் மகனுக்கு எழுதும் 31 கடிதங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஒரு மாதத்துக்கு வரும். ஜான் கிளீஸ் வாசித்த பதிவு பெயர்பெற்றது. பேச்சில் தேனும் உள்ளே நஞ்சும் வைத்து வாசிக்கிற அந்தக் கலை, சில்வரின் குரலுக்குத் தேவைப்படும் அதே கலைதான். இரண்டில் யாருக்கு எது? கேள்விகளோடு இருப்பவருக்கு வானொலி உரைகள். விசுவாசத்தில் இருந்துகொண்டே சோர்ந்துபோனவருக்கு ஸ்க்ரூடேப்.

தோமாஸ் கெம்பிஸின் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ இதற்கு நேர் எதிர். 15-ஆம் நூற்றாண்டு நூல், நான்கு புத்தகங்கள், மொத்தம் 114 சிறு அத்தியாயங்கள். ஒவ்வொரு வரியும் தனியாக நிறுத்தித் தியானிக்க வேண்டியது. ஒலிப்பதிவோ நிற்காமல் ஓடும். ஒரு வரி நெஞ்சில் தைத்து அதையே நினைத்துக்கொண்டிருக்கும்போது நான்கு வரிகள் கடந்து போயிருக்கும். என் நோட்டில் அதிகமாகப் பின்னால் தள்ளியதாகக் குறித்திருப்பது இந்த நூலைத்தான். ஒரு அத்தியாயம் கேட்டதும் நிறுத்திவிட்டு, அன்றைக்கு அதோடு போதும் என்று வைத்துக்கொண்டால் பலன் உண்டு. வேகத்தைக் கூட்டவே கூடாது. சாகசக் கதையில் 1.25 வேகம் ஒன்றும் கெடுத்துவிடாது; இங்கே இயல்பான வேகமே கொஞ்சம் அவசரமாகப் படுகிறது.

இதே தியான வகையில் சகோதரர் லாரன்ஸின் நூல் மட்டும் காதுக்குச் சுலபம். பாரிஸ் மடத்துச் சமையலறையில் வேலை செய்தவர் அவர்; உரையாடல்களும் கடிதங்களுமாக உள்ள சிறு நூல், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாத்திரம் கழுவும்போதும் தேவனோடு இருக்கலாம் என்கிறவரைப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம். புத்தகத்தைக் கையில் பிடித்தால் அது முடியாது.

அகுஸ்தீனின் ‘கன்ஃபெஷன்ஸ்’ பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லத்தான் வேண்டும். கி.பி. 400-ஐ ஒட்டி எழுதப்பட்ட 13 புத்தகங்கள். முழுவதும் கடவுளைப் பார்த்து ‘நீர்’ என்று சொல்லும் ஜெபம். அச்சில் அது ஓர் எழுத்து உத்தியாகத் தெரிந்தது. கேட்கும்போது, பக்கத்து அறையில் ஒருவர் ஜெபிப்பது நம் காதில் விழுகிற மாதிரி, கேட்கலாமா கூடாதா என்றே தயங்க வைக்கிறது. எட்டாம் புத்தகத்தில் தோட்டத்தில் அவர் அழுதுகொண்டிருக்கும்போது அண்டை வீட்டிலிருந்து ஒரு குழந்தைக் குரல், “எடுத்து வாசி, எடுத்து வாசி” என்று பாட்டாக வருகிறது. பவுலின் நிருபத்தை எடுத்துத் திறக்கிறார், வாழ்க்கை திரும்புகிறது. அவர் மனந்திரும்பிய கதையில் முதலில் வருவது ஒரு குரல், பிறகுதான் புத்தகம். அந்த இடத்தில் வாசிப்பவர் குழந்தைக் குரலை நடித்துக் காட்டாமல், சற்றே மெதுவாக்கியது மட்டும் போதுமாக இருந்தது.

ஒன்பதாம் புத்தகம்வரை வாழ்க்கைக் கதை, சாகசக் கதை போலவே ஓடும். தாய் மோனிக்காவின் மரணத்துக்குப் பிறகு பாதை செங்குத்தாகிறது. பத்தில் நினைவாற்றல், பதினொன்றில் காலம், பிறகு ஆதியாகமத்தின் தொடக்கம். காதால் மட்டும் அங்கே ஏற முடியாது; அச்சு நூலையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பதினொன்றிலேயே ஓர் இடம் வருகிறது. மனப்பாடமான சங்கீதம் ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறார். சொல்லி முடித்தது நினைவுக்குள் போகிறது, சொல்ல வேண்டியது எதிர்பார்ப்பில் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் கவனம். ஒலிநூல் கேட்பவருக்கு நடப்பது இதுதான். 1,600 வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு துல்லியமாக அதை எழுதி வைத்திருக்கிறார்!

அப்புறம், இரண்டு வகையிலும் கால் வைத்திருக்கும் நூல்கள். என் நோட்டில் நான் அதிகம் சந்தோஷப்பட்ட பக்கங்கள் இவற்றைப் பற்றியவை.

‘ராபின்சன் குரூசோ’வை (1719) சிறுவர் சுருக்கத்தில் படித்தவர்களுக்குத் தீவும் ஆட்டுத்தோலும் மணலில் பதிந்த ஒற்றைப் பாதத் தடமும் நினைவிருக்கும். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது அவனுடைய ஜெபங்களை. முழுப் பதிவைக் கேட்டால்தான் அது பாதி சாட்சி நூல் என்று தெரிகிறது. காய்ச்சலில் நடுங்கும் குரூசோ, மருந்துக்காகப் புகையிலை தேடிப் பெட்டியைத் திறக்கிறான்; அதோடு வேதாகமமும் கிடைக்கிறது. தலை சுற்றும் நிலையில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தால் 50-ஆம் சங்கீதம்: “ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன்.” தீவிலிருந்து விடுதலை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்கிறான். பாவத்திலிருந்து விடுதலை என்பது பிறகே உறைக்கிறது. ஒரு குறை உண்டு. டீஃபோ அத்தியாயமே பிரிக்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பதிவு செய்தவர்கள் போட்ட வெட்டுகளில் சில நல்ல இடத்தில் விழுவதில்லை.

பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ (1678) சாகசக் கதைகளோடு நேராகப் போட்டிக்கு நிற்கக்கூடியது. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 12 வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். எழுத்திலும் பிரசங்கியார் குரல்தான். அப்பொல்லியோன் என்ற பிசாசோடு நடக்கும் சண்டையும், சந்தேகக் கோட்டையில் அடைபட்ட கதாநாயகன் கிறிஸ்தியான் தன் மார்பிலேயே சாவி இருந்ததை நினைத்துத் திடுக்கிடும் இடமும் எந்தப் புதையல் கதைக்கும் சளைத்தவை அல்ல. பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: வரிக்கு வரி வரும் வேதவசன எண்களையும் உரக்க வாசிக்கும் பதிவு கதையைத் துண்டு துண்டாக்கிவிடும். இதே கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’மாக 1894-இல் செய்யுளில் தந்தார். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்கள் வரும். அது ராகத்தோடு கேட்க வேண்டிய நூல். உரைநடைபோல ஒப்பித்தால் பாதி போய்விடும்.

‘மோபி டிக்’கின் எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்களையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பேன். பாதிரியார் மாப்பிள் கயிற்று ஏணியில் ஏறி, ஏணியை மேலே இழுத்துக்கொண்டு, மாலுமிகளுக்கு யோனாவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். அந்த இரண்டு அத்தியாயங்களுக்காகவே ஒலிநூலை வாங்கலாம். ‘பென்-ஹர்’ (1880) தேர்ப் பந்தயத்தில் பறக்கிறது, ஆனால் அதற்கு முன் பாலைவனத்தில் ஞானிகள் சந்திக்கும் நீண்ட தொடக்கத்துக்குப் பொறுமை வேண்டும்.

பதிவு வகைகளைப் பற்றி: 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே சொன்னவற்றில் லூயிஸ் தவிர அநேகமாக எல்லாம் அங்கே உண்டு. அத்தியாயத்துக்கு ஒருவர் வாசித்த பதிவைத் தவிர்த்து, ஒருவரே முழுதும் வாசித்ததைத் தேடுங்கள். மான்டி கிறிஸ்டோவின் நடுவில் குரல் மாறினால் உறவே அறுந்துபோகும். பின்னணி இசையும் பல நடிகர்களும் கொண்ட நாடகப் பதிவு சாகசத்துக்குச் சரி, ஜெபத்துக்கு இடைஞ்சல். இயந்திரக் குரல் வெர்னின் மீன் பட்டியலைத் தாங்கும். அகுஸ்தீனைத் தாங்காது, வாசிப்பவருக்கு எங்கோ தொண்டை அடைக்க வேண்டிய நூல் அது.

இரண்டு வகையிலும் பழக்கமில்லாதவர் யாராவது எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ‘ட்ரெஷர் ஐலண்ட்’டும் மாற்கு சுவிசேஷமும் என்பேன். முன்னது சுமார் ஏழு மணி நேரம், பின்னது சுமார் ஒன்றரை மணி நேரம். மாற்குவை ஒரே அமர்வில் கேட்க வேண்டும், அதிகாரம் அதிகாரமாகப் பிரிக்காமல். சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்ட காலத்து எழுத்து அது. அதற்கு அடுத்து, பவுலின் நிருபங்களில் மிகச் சிறியதான பிலேமோன். சில நிமிடங்கள்தான், ஓடிப்போன அடிமை ஒருவனுக்காக வயதான கைதி ஒருவர் எழுதும் கடிதம்.