யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர்: லினக்ஸில் போடுபவர்கள் மேக் முகவரியைப் பார்த்து வாங்குங்கள்

பேட்டரி கழற்றிய பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவி, அதையே எங்கள் அச்சகத்தின் ரவுட்டராக ஓட்டுகிறேன். அதில் ஈதர்நெட் போர்ட் வேலை செய்யாது. ஆகவே இரண்டு யுஎஸ்பி அடாப்டர்கள்: ஒன்றில் பிராட்பேண்ட், மற்றொன்றில் அலுவலக ஸ்விட்ச்.

முதலில் வாங்கியது மலிவு ரகம், ஒரே பெட்டியில் இரண்டு. வேகம் 100 மெகாபிட், எங்களுக்குத் தாராளம். டிரைவர் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்! லினக்ஸ் பயன்படுத்துபவருக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், நெட்வொர்க் கார்டுகளுக்குத் தன் கண்ணில் பட்ட வரிசையில்தான் ஈத்0, ஈத்1 என்று பெயர் வைக்கும். யுஎஸ்பியில் அந்த வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. நிலையான பெயர்களுக்காக 2013இல், லினக்ஸைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருளான சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு புதிய முறையைக் கொண்டுவந்தது. கணினிக்குள் இருக்கும் கார்டுக்கு அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயர் கிடைக்கும். யுஎஸ்பி சாதனத்தையோ இன்று ஒரு போர்ட்டிலும் நாளை வேறொன்றிலும் செருகுவோம். அதனால் டெபியன் அதன் மேக் முகவரியையே பெயராக்குகிறது: முன்னால் 'இஎன்எக்ஸ்' என்ற மூன்று எழுத்து, பின்னால் முகவரியின் 12 இலக்கங்கள். மொத்தம் 15, லினக்ஸ் அனுமதிக்கும் உச்ச நீளமும் அதுதான்.

இரண்டு அடாப்டரும் ஒரே முகவரியைச் சொன்னால், முந்திக்கொண்டது அந்தப் பெயரைப் பெற்றுவிடும். பிந்தியது, அப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழையோடு, கர்னல் வைத்த பெயரிலேயே நின்றுவிடும். ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் எங்களுக்கு இரண்டும் இடம் மாறிவிட்டன. ஃபயர்வால் விதிகள் பெயரை நம்பி எழுதப்பட்டவை. அலுவலகத்துக்குள் மட்டும் திறந்திருக்க வேண்டிய கோப்புப் பகிர்வு இணையத்தின் பக்கம் திறந்து நின்றது. வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இதற்கும் வழி உண்டு. எந்தச் சாதனத்துக்கு என்ன பெயர் என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் லிங்க் கோப்பில் மேக் முகவரிக்குப் பதில் யுஎஸ்பி பாதையைக் கொடுத்தால், எந்த போர்ட்டில் செருகியிருக்கிறதோ அதற்கேற்ற பெயர் வரும். யாராவது பெருக்கும்போது கழற்றி, பக்கத்து போர்ட்டில் செருகினால் போச்சு. ஒரு தயாரிப்பாளர் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி எழுதித் தருவது சலுகை அல்ல, கடமை.

இப்போது இருப்பவை ரியல்டெக் 8153 சிப் கொண்ட இரண்டு கிகாபிட் அடாப்டர்கள். விலை ஏறத்தாழ இரு மடங்கு, கேபிள் கொஞ்சம் குட்டை. ஆனால் அடிப்பக்க லேபிளில் மேக் முகவரி அச்சிட்டிருக்கிறது. 'ஐபி லிங்க்' கட்டளை காட்டுவதும் அதே முகவரிதான். ஒவ்வொன்றுக்கும் அதன் மேக் முகவரியைக் கொடுத்து ஒரு லிங்க் கோப்பு எழுதி, பிராட்பேண்ட் பக்கம் வான்0, அலுவலகப் பக்கம் லேன்0 என்று பெயரிட்டேன். எந்த போர்ட்டில் செருகினாலும், எத்தனை முறை மின்சாரம் போனாலும் பெயர் அசையவில்லை. நீங்களும் பெயர் வைக்கும்போது ஈத்0 மட்டும் வேண்டாம். கர்னல் வைக்கும் பெயரோடு மோதும்.

இரண்டாக வாங்குபவர்கள் பெட்டியைப் பிரித்தவுடன் இரண்டையும் சேர்த்துச் செருகி முகவரிகளை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிவிடுங்கள்.