ஓபி நோட்டா, எக்செல்லா, வாடகை சாஃப்ட்வேரா? வடசென்னை கிளினிக்குகளுக்கு ஓர் ஒப்பீடு

பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கிளினிக்குக்கு பிரிண்டர் சரிசெய்யப் போயிருந்தேன். "தம்பி, இந்த நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா?" என்று டாக்டர் கேட்டார். அன்றிலிருந்து இதுவும் என் தொழிலாகிவிட்டது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஏழு கிளினிக், ஒரு சின்ன நர்சிங் ஹோம் செய்து கொடுத்திருக்கிறேன். நாலு இடத்தில் இன்றும் ஓடுகிறது. மூன்று இடத்தில் மறுபடி நோட்டுக்கே போய்விட்டார்கள். ஒன்று இழுபறி.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது டோக்கன் கணக்கு. சாயங்காலம் ஆறு மணி முதல் ஒன்பது வரை 80 டோக்கன் என்றால் ஆளுக்கு இரண்டேகால் நிமிடம். கட்டணமும் இங்கே குறைவு. வியாசர்பாடியில் 1973-இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, 2020-இல் மறையும்வரை ஐந்து ரூபாய் டாக்டராகவே இருந்த திருவேங்கடம் வீரராகவனின் ஏரியா இது. அந்தக் கூட்டமும் அந்தக் கட்டணமும் உள்ள இடத்தில், டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் பதினைந்து இடத்தில் க்ளிக் செய்ய வேண்டிய சாஃப்ட்வேர் ஒரு வாரம்கூடத் தாங்காது. மறுபடி நோட்டுக்குப் போன மூன்று பேரும் இதனால்தான் போனார்கள்.

நோட்டு

நோயாளியே நாற்பது பக்க நோட்டைக் கையோடு கொண்டுவருவது, கிளினிக்கில் ஒரு பெரிய ரெஜிஸ்டர். இதைக் கேலி செய்யாதீர்கள். கரண்ட் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் நோட்டு கூடவே போகும். டாக்டர் ஒரு பக்கத்தைப் புரட்டினால் போன மாசம் என்ன கொடுத்தார் என்று தெரிந்துவிடும். வேகத்தில் இன்றைக்கும் இதை அடிக்க எதுவும் இல்லை.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தாழ்வான தெருவில் இருந்த ஒரு கிளினிக்கின் கீழ் அலமாரி முழுக்கத் தண்ணீரில் நின்றது. மொட்டை மாடியில் கயிறு கட்டி ரெஜிஸ்டர்களைத் துணி மாதிரி காயப்போட்டோம். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது தப்பியது. ஜெல் பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலக் கறை.

வெள்ளத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வந்தவரைப் பற்றி நோட்டு நன்றாகச் சொல்லும், வராதவரைப் பற்றி வாயே திறக்காது. மூன்று மாசமாக பிரஷர் மாத்திரை வாங்க வராதவர் யார் என்று ரெஜிஸ்டரைக் கேட்டால், அத்தனை பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து புரட்ட வேண்டும். சுகர், பிபி நோயாளிகள் கிளினிக்குக்கு வராமல் விடும் மாசங்களில்தான் அவர்களுக்குச் சிக்கலே வருகிறது. அதனால் கம்ப்யூட்டர் முறை எதைப் பார்த்தாலும் நான் வைக்கும் முதல் பரீட்சை இதுதான்: வராதவர் பட்டியலை ஒரே நிமிடத்தில் எடுத்துத் தருமா?

எக்செல்

தரும், செலவில்லாமல் தரும். பெயர், போன், பிபி, சுகர், மாத்திரை, அடுத்து வர வேண்டிய தேதி என்று ஆறு பத்தி போதும். தேதியை வைத்துச் சலித்தால் வராதவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். சின்ன கிளினிக்குக்கு இதுவே போதும் என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் ஒரு கிளினிக்கிலிருந்து போன். ரிசப்ஷனில் இருந்த பெண் பெயர்களை அகரவரிசையில் அடுக்க நினைத்து, பெயர் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பெயர்கள் இடம் மாறின, மற்றவை அப்படியே நின்றன. ஒருவருடைய சுகர் இன்னொருவர் பெயரில். அதன் மேலேயே சேமித்தும் விட்டார். பக்கத்து ரெஜிஸ்டர் மட்டும் இல்லையென்றால் கதை கந்தல்தான். இரண்டு நாள் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து சரிசெய்தேன். தப்பு அவர் மேல் இல்லை. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் இல்லாத இடத்தில் நோயாளியின் விவரத்தை வைத்தது நான்தானே. இப்போது எக்செல்லை ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்: மூன்று மாசம் இதில் ஒழுங்காக எழுத முடிந்த கிளினிக்தான் சாஃப்ட்வேருக்குத் தயார்.

வாடகை சாஃப்ட்வேர்

ப்ராக்டோ ரே, ஹெல்த்பிளிக்ஸ், எக்கா கேர் என்று இந்த வகையில் பல உண்டு. விவரமெல்லாம் க்ளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக வேறிடத்து சர்வரில் இருக்கும், பிரவுசரிலோ மொபைலிலோ திறக்கலாம். அச்சடித்த மருந்துச் சீட்டு வரும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. அதைக் கையெழுத்தில் காப்பாற்றுவதைவிட இதில் சுலபம். இந்த வகையில் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தது, மாத்திரை சாப்பிடும் முறையைத் தமிழில் அச்சடிக்கும் வசதி. "காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்" என்று தமிழில் இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் நின்று இன்னொரு முறை கேட்க வேண்டியதில்லை.

வைத்தியம் நிஜமாகவே மாறியதை நான் பார்த்ததும் இதில்தான். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை பார்க்கும் ஒருவர், பல வருஷ சுகர். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 0.9, ஆறு மாசம் கழித்து 1.1, அப்புறம் 1.4. தனித்தனிச் சீட்டாகப் பார்த்தபோது ஒவ்வொன்றும் "பரவாயில்லை" ரகம். திரையில் கோடாக வரைந்து காட்டியபோது டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூட்டு வலிக்கு என்ன மாத்திரைப்பா போடுற?" என்று கேட்டார். கடையில் சொந்தமாக வாங்கிப் போட்ட வலி மாத்திரை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதை நிறுத்தச் சொல்லி, சுகர் மாத்திரையையும் மாற்றி, சிறுநீரக டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

குறைகளுக்கு வருவோம். இந்த சாஃப்ட்வேர்களில் பலதும் நம் ஊர்ப் பெயரையே புரிந்துகொள்வதில்லை. "முதல் பெயர், கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம், இரண்டாவதை நிரப்பாமல் விடாது. ரிசப்ஷன் அக்கா ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்வார். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் எல்லாரும் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள். "தம்பி, செல்வின்னு தேடுனா நாப்பது செல்வி வராங்க, எந்தச் செல்வியப்பா?" என்று அந்த அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. போன் நம்பரை வைத்துத் தேடலாம் என்றால் ஒரு வீட்டுக்கே ஒரு நம்பர்தான். கடைசியில் நம்பரோடு கணவர் அல்லது அப்பா பெயரையும் சேர்த்துத் தேடுவது என்று வழக்கப்படுத்தினோம்.

அடுத்தது, வெளியே வரும் வழி. மேலே சொன்ன மூன்றும் இல்லாத ஒரு சின்ன நிறுவனத்தின் சாஃப்ட்வேரை ஒரு கிளினிக் விட நினைத்தது. "எங்கள் விவரத்தைக் கொடுங்கள்" என்றோம். ஆயிரக்கணக்கான பிடிஎஃப் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு அனுப்பினார்கள். பிடிஎஃப்பில் கண்ணால் படிக்கலாம், சுகர் கோடு வரைய முடியாது. பணம் கட்டுவதற்கு முன்பே, சோதனை ஓட்டத்தில் பத்து நோயாளிகளை ஏற்றி, அவர்களை எக்செல் கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். விற்பனைக்கு வந்த தம்பி மழுப்பினால் அதுவே பதில்.

மிக்ஜாமின்போது க்ளவுட் காரர்கள் மட்டும் தப்பித்தார்களா? விவரம் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் கரண்டும் நெட்டும் இல்லாமல் மூன்று நாள் துண்டுச் சீட்டில்தான் எழுதினார்கள். அச்சடித்த வெற்றுப் படிவம் ஒரு கட்டு எப்போதும் மேஜையில் இருக்கட்டும்.

சொந்த சர்வரில் ஓப்பன் சோர்ஸ்

ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரலே எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்: ஓப்பன்இஎம்ஆர், க்னு ஹெல்த், பாம்னி. உரிமக் கட்டணம் கிடையாது, விவரம் நம் கட்டடத்திலேயே இருக்கும். இதில் பாம்னி நம் நாட்டுத் தேவைக்கே பிறந்தது. சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மருத்துவமனைக்காக தாட்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்து ஆட்கள் செய்தது, ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் மேல் கட்டியது. லேப், பில், வார்டு எல்லாம் ஒன்றாக வரும். இருபது படுக்கை நர்சிங் ஹோமுக்கு யோசிக்கலாம். ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒருவர் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். இலவசம் என்பது சாஃப்ட்வேருக்குத்தான், அந்த ஆளுக்கு இல்லை. ஒற்றை அறை கிளினிக்குக்கு இது வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அரசு வழி

இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "ஆபா போட்டாச்சு சார், அப்ப நாங்க டிஜிட்டல்தானே?" என்று கேட்கிறார்கள். ஆபா என்பது நோயாளிக்கான 14 இலக்க எண், அவ்வளவுதான். 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் ஒரு பகுதி. கிளினிக்குக்குத் தனிப் பதிவேடு, டாக்டருக்குத் தனிப் பதிவேடு. இவற்றோடு இணைந்த ஒரு சாஃப்ட்வேர் இருந்தால்தான், நோயாளியின் சம்மதத்தோடு ஓர் இடத்தின் ரிப்போர்ட் இன்னோர் இடத்தில் திறக்கும். மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இ-சுஷ்ருத் போல அரசு சார்ந்த மென்பொருளும் உண்டு, தனியார் சாஃப்ட்வேர்களிலும் பல இதில் இணைந்தவை. எதை வாங்கினாலும் இந்த இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் நாளைக்கே எல்லா ரிப்போர்ட்டும் திரையில் கொட்டும் என்று நம்பி வாங்காதீர்கள். இன்றைக்கும் நம் நோயாளி டிஸ்சார்ஜ் சீட்டை மஞ்சப் பையில் எட்டாக மடித்துத்தான் கொண்டுவருகிறார்.

காசநோய் தனிக் கதை. தனியார் டாக்டரும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் இருக்கிற உத்தரவு, அதற்கு நிக்ஷய் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. நான் பார்த்த கிளினிக்குகளில் சாஃப்ட்வேரில் ஒரு முறை, நிக்ஷயில் ஒரு முறை என்று இரண்டு தடவை அடிக்கிறார்கள். கூட்ட நேரத்தில் இரண்டாவது தள்ளிப்போகிறது. சனிக்கிழமை மதியம் அதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கிய கிளினிக்கில் மட்டும்தான் பாக்கி இல்லை.

சரி, எதை எடுப்பது?

அமெரிக்காவில் டாக்டர்கள் கம்ப்யூட்டர் பதிவுக்கு மாற வேண்டும் என்று 2009-இல் சட்டம் போட்டு, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வழியாக ஒரு டாக்டருக்கு ஐந்து வருஷத்தில் 44,000 டாலர் வரை கொடுத்தார்கள். எனக்கு அதில் பணத்தைவிட முக்கியமாகப் பட்டது, சின்ன கிளினிக்குகளுக்குக் கூடவே இருந்து உதவ 62 வட்டார மையங்களையும் அமைத்ததுதான். அவ்வளவு செய்தும், டாக்டர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்க்கிறார் என்ற புலம்பல் அங்கே ஓயவில்லை. நமக்கு வட்டார மையமும் இல்லை, டாலரும் இல்லை. அதனால் கூட உட்கார ஆள் எங்கிருந்து வருவார் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தினம் 80 டோக்கன் பார்க்கும் பொது மருத்துவர் என்றால், டாக்டர் பேனாவைக் கீழே வைக்கவே வேண்டாம். அவர் எழுதட்டும். வெளியே இருக்கும் அக்கா சுகர், பிபி நோயாளிகளுக்கு மட்டும் அந்த ஆறு விவரத்தை வாடகை சாஃப்ட்வேரில் ஏற்றட்டும், சீட்டை போட்டோ எடுத்துச் சேர்க்கட்டும். சளி, காய்ச்சலுக்கு நோட்டே போதும். நாலு இடத்தில் ஓடுகிறது என்றேனே, அதில் மூன்று இப்படித்தான். சாஃப்ட்வேர் வாடகையைவிட அந்த அக்காவின் கூடுதல் இரண்டு மணி நேரச் சம்பளம்தான் பெரிய செலவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

சுகர் மட்டும் பார்க்கும் பெரம்பூர், கொளத்தூர்ப் பக்க ஸ்பெஷலிஸ்ட் என்றால் அவரே அடிக்கலாம். ஒரே மாதிரியான மருந்துகள், ஆளுக்குப் பத்து நிமிடம், கோடு வரைந்து பார்க்கும் தேவை. வாடகை சாஃப்ட்வேர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நர்சிங் ஹோம் என்றால், படுக்கையில் சேர்ந்த நோயாளியின் பதிவை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதியே சொல்கிறது. அங்கே வார்டும் பில்லும் சேர்ந்த பெரிய மென்பொருள் இல்லாமல் முடியாது. என் இழுபறிக் கேஸ் அதுதான். நர்சுகள் மூன்று ஷிப்ட், பயிற்சி ஒரு ஷிப்டுக்குத்தான் கொடுத்தோம்.

எதை எடுத்தாலும் திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன் மானிட்டர் நேராகக் காத்திருப்போர் பெஞ்சைப் பார்த்திருந்தது. யாருக்கு டிபி மருந்து என்று பக்கத்துத் தெருக்காரர் உட்கார்ந்தபடியே படிக்கலாம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அன்றைக்கு வேலையை முடித்தது ஒரு ஸ்க்ரூடிரைவர். மேஜையைத் திருப்பிப் போட்டோம், மானிட்டரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்ட் துண்டைக் கிழித்தோம்.

போன மாசம் கொருக்குப்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவுக்கு ஆரம்பித்தேன். இருபதே இருபது சுகர் நோயாளிகள், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம் வராதவர் பட்டியலை எடுத்தோம், ஐந்து பெயர். அக்கா போன் போட்டார். இரண்டு பேர் மறுநாளே வந்தார்கள், ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், ஒரு நம்பர் தப்பு. ஐந்தாவது அம்மா போனிலேயே கேட்டாராம்: "நான் வரலைன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"